வேளாங்கண்ணி கடற்கரை ரோட்டுல உருவம் விக்கிற சின்னக் கடை: நான் ஏன் 5 ஸ்டார் குடுக்குறேன்

கடைக்கு போர்டு கிடையாது, அதனால மேப்புல தேடாதீங்க, கிடைக்காது. வேளாங்கண்ணி பேராலயத்துல இருந்து கடலைப் பாத்து இறங்குற ரோட்டுல நடந்தீங்கன்னா ரெண்டு பக்கமும் சிப்பி மாலை, ஜெபமாலை, பிளாஸ்டிக் பொம்மை விக்கிற கடைங்களா வரும், அதெல்லாம் தாண்டி மீன் வறுக்குற வாசனை ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வலது பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டுன ஒரு கடை. ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு அக்கா, அவ்வளவுதான். அக்காவுக்கு அறுபது வயசு இருக்கும், ஆனா அந்த ரோட்டுல எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க, நானும் அப்படியே எழுதுறேன். விக்கிறது ரெண்டே பொருள், உருவமும் மெழுகுவர்த்தியும்.

உருவம்னா தெரியாதவங்களுக்கு: வெள்ளை மெட்டல் தகட்டுல அச்சு வச்சு அடிச்ச சின்னச் சின்ன வடிவம். கண்ணு வலின்னா கண்ணு, கால் நடக்கலன்னா கால், வீடு கட்டணும்னா வீடு, குழந்தை வேணும்னா இல்ல குழந்தைக்கு ஒடம்பு சரியாகணும்னா குழந்தை. வேண்டுதல் வச்சவங்க வாங்கிட்டுப் போய் மாதாவுக்குக் காணிக்கையா போடுவாங்க. இந்துக்களும் வாங்குறாங்க, முஸ்லிம்களும் வாங்குறாங்க, அந்த ஊர்ல அது ரொம்ப சாதாரணம். சின்னத் தகடு 40 ரூபாய்க்கு வாங்குனேன், வெள்ளில வேணும்னா கிராம் கணக்கு, அன்னன்னிக்கு ரேட். மத்த கடைங்கள்லயும் இதே அச்சுதான், ஆனா அங்க தகட்டோட ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையக் கிழிச்சிடும். இந்த அக்கா ஒவ்வொண்ணையும் எடுத்து சின்ன அரம் ஒண்ணு வச்சு ஓரத்த தேச்சு, கட்டை விரலால தடவிப் பாத்துட்டுதான் குடுக்குறாங்க. குழந்தை உருவத்த மட்டும் ரெண்டு தடவை தேச்சாங்க. நான் கேக்கல, அவங்களா செஞ்சாங்க.

பொருள் பத்தி அவ்வளவுதான் சொல்ல இருக்கு. ஆனா நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தது தகடுக்காக இல்ல.

என் தங்கச்சி பையன், எனக்கு மருமகன், 6 வயசு. ரத்தப் புற்றுநோய். அதுலயும் குழந்தைங்களுக்கு வர்ற வகை, பெரும்பாலான புள்ளைங்க குணமாகிடுற வகைன்னு டாக்டர் மொத நாளே சொன்னாங்க, அந்த வார்த்தைய புடிச்சுக்கிட்டுதான் நாங்க எட்டு மாசம் ஓடுனோம். கீமோல முடி கொட்டிடுச்சு. வேளாங்கண்ணில மொட்டை போடுறோம்னு வேண்டிக்கிட்டோம், அப்புறம் பாத்தா மொட்டை போடுறதுக்கு முடியே இல்ல, அதனால தங்கச்சி வேண்டுதல மாத்தி, வெள்ளில குழந்தை உருவம் வாங்கி வைக்கிறேன்னு சொல்லிட்டா. அவனுக்கு காது குத்துனதும் அதே வேளாங்கண்ணிலதான், என் மடில உக்காந்துதான், தாய்மாமன் மடி. கேன்சர் குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு, ஆனா எதிர்ப்பு சக்தி இல்லாத நேரத்துல ஒரு இன்ஃபெக்ஷன் வந்துச்சு, நாலே நாள். அவ்வளவுதான். அதுக்கு மேல அதப் பத்தி எழுத முடியல.

அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. ஆண்டவர் தோட்டத்துல அழகான பூவத்தான் மொதல்ல பறிப்பாருன்னு ஒருத்தங்க. அவருக்குப் புடிச்சவங்கள சீக்கிரம் கூப்பிட்டுக்குவாருன்னு இன்னொருத்தங்க. ஜெபக்குழுல இருந்து வந்த ஒருத்தர், பேரு வேணாம், என் தங்கச்சி கையப் புடிச்சுக்கிட்டு உங்க விசுவாசத்துல எங்கயோ ஒரு கொறை இருந்திருக்கும்மா, நல்லா யோசிச்சுப் பாருன்னு சொன்னார். பெத்த புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்து மூணு மணி நேரம் ஆகல. அவ அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சா, எந்த ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகல, எந்த வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டோம்னு கணக்கு போட்டா. அத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அந்த ஆள் சொன்ன அந்த ஒரு வார்த்தைய என்னால இன்னிக்கும் மன்னிக்க முடியல.

எங்க தெருவுல ஒரு பாட்டி, அவங்க எங்க மதம் கிடையாது, அவங்க வந்து ஏழரைச் சனி, புள்ள ஜாதகத்துல இருந்திருக்கும், போன ஜென்மத்து வினைன்னு சொல்லி அழுதாங்க. அது எனக்குக் கோவம் வரல. ஏன்னா அவங்க உலகத்துல கஷ்டத்த பிரிச்சுக் குடுக்க நிறைய பேர் இருக்காங்க, கிரகம் இருக்கு, வினை இருக்கு, ஊர் எல்லைல கோவப்படுற அம்மன் இருக்கா. எங்களுக்கு அப்படி இல்ல. ஒரே கடவுள், எல்லாம் தெரிஞ்சவர், எல்லாம் முடிஞ்சவர், முழுக்க முழுக்க நல்லவர்னு சின்ன வயசுல இருந்து ஞானோபதேச வகுப்புல சொல்லிக் குடுத்துட்டாங்க. அப்போ வர்றது அத்தனையும் அந்த ஒரே வாசல்லதான் போய் நிக்கணும். புகார் குடுக்க வேற ஆபீஸ் கிடையாது. ஒரே கடவுள்னு நம்புறவங்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையா குத்துறது இதனாலதான்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

அந்தக் கேள்வி புதுசும் இல்ல. கிரேக்க நாட்டுத் தத்துவஞானி எபிகூரஸ் கேட்டதா சொல்லுவாங்க: தீமையத் தடுக்க கடவுளுக்கு மனசு இருந்தும் முடியலன்னா அவர் சர்வ வல்லவர் கிடையாது, முடிஞ்சும் மனசு இல்லன்னா அவர் நல்லவர் கிடையாது, முடியும் மனசும் இருக்குன்னா அப்புறம் தீமை எங்க இருந்து வந்துச்சு? நம்ம ஊர்லயும் கேட்டிருக்காங்க. புறநானூறுல ஒரு பாட்டு இருக்கு, ஒரு வீட்டுல சாவுப் பறை, இன்னொரு வீட்டுல கல்யாண முழவு, ஒருத்தி பூ வச்சுக்கிறா இன்னொருத்தி கண்ணீர் விடுறா, இப்படி ஒரு உலகத்தப் படைச்சவன் பண்பில்லாதவன்னு அந்தப் புலவர் நேராவே திட்டியிருக்கார். எட்டாவது படிக்கும்போது மனப்பாடம் பண்ண மாதிரி ஞாபகம், அப்போ மார்க்குக்காகப் படிச்சது, இப்போ அந்த ரெண்டு வீடும் எனக்குத் தெரியும். நாங்க ஆஸ்பத்திரில இருந்து அவன வண்டில ஏத்துன நேரத்துல எதிர்ல இருந்த மண்டபத்துல செண்டை மேளம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

மூணு மாசம் நான் படிச்சேன், கிடைச்சதெல்லாம் படிச்சேன், பாதிரியார் ரெண்டு பேர்கிட்ட போய் உக்காந்து கேட்டேன், அவங்க நல்ல மனுசங்க, பொறுமையா சொன்னாங்க. மனுசனுக்கு சுதந்திரம் குடுத்திருக்கார், அத அவன் தப்பா பயன்படுத்துறான், தீமை அதுல இருந்து வருதுன்னு ஒரு பதில். சில இடத்துல இது நிக்கும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கைல கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அப்புறம் ஓட்டல்கள், குண்டு வெடிச்சு 260 பேருக்கு மேல செத்தாங்க. மட்டக்களப்புல செத்தவங்கள்ல நிறைய பேர் ஞாயிறு பள்ளிக்கூடம் முடிச்சுட்டு வெளிய வந்த சின்னப் புள்ளைங்க. குண்ட கட்டிக்கிட்டு வந்தவன் மனுசன், அவன் முடிவு அது, சரி. ஆனா என் மருமகன் ரத்தத்துல எந்த மனுசனோட சுதந்திரம் இருந்துச்சு?

தீமைன்னு தனியா ஒண்ணு கிடையாது, நன்மை இல்லாத இடம்தான் தீமை, இருட்டுன்னா வெளிச்சம் இல்லாததுதானே அந்த மாதிரின்னு புனித அகுஸ்தினார் சொன்னது இன்னொரு பதில். ரொம்ப நாள் எனக்கு இது புடிச்சிருந்துச்சு. ஆனா அந்த நோய் என்னன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டுனப்போ, அங்க எதுவும் இல்லாமப் போகல, வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகிக்கிட்டே இருந்துச்சு, இருக்கிறதுதான் பிரச்சனையே. மூணாவது பதில், கஷ்டம் மனுசன பக்குவப்படுத்தும். 6 வயசுப் புள்ளைய எதுக்குப் பக்குவப்படுத்தணும், பக்குவம் வந்து அவன் என்ன செய்யப் போறான். எங்களப் பக்குவப்படுத்தத்தான் அவன எடுத்தாருன்னா, அந்தப் பக்குவம் எங்களுக்கு வேணாம், இத நான் பாவசங்கீர்த்தனத்துலயே சொல்லிட்டேன்.

பைபிள்ல இருக்கிற யோபு ஆகமம் மட்டும் என்ன உக்கார வச்சு படிக்க வச்சுது, ஒரு தப்பும் செய்யாம சொத்தையும் பத்துப் புள்ளைங்களையும் பறிகுடுத்த மனுசனோட கதை. அதுல யோபோட நண்பர்கள் வந்து ஏழு நாள் ஏழு ராத்திரி தரையில அவர் கூட சும்மா உக்காந்திருக்காங்க, ஒரு வார்த்த பேசல. அவங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான். அப்புறம் வாயத் தொறந்து நீ ஏதோ பாவம் செஞ்சிருப்பன்னு ஆரம்பிக்கிறாங்க, கடைசில கடவுளே வந்து நீங்க என்னப் பத்தி சரியா பேசல, யோபுதான் சரியா பேசுனான்னு சொல்றார். கடவுளுக்காக வக்காலத்து வாங்குனவங்க மேல கோவம், கடவுள்கிட்ட சண்டை போட்டவன் பக்கம் நியாயம். இத எனக்கு யாரும் கோயில்ல சொல்லிக் குடுக்கல. ஆனா அந்தக் கதையோட முடிவு எனக்கு ஆகவே ஆகல, யோபுக்குத் திரும்பவும் ஏழு ஆம்பளப் புள்ள மூணு பொம்பளப் புள்ள பொறந்துச்சுன்னு முடியுது. செத்துப்போன பத்துப் பேர்? என் தங்கச்சிகிட்டயும் சொன்னாங்கல்ல, வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கோன்னு.

சரி, கடைக்கு வர்றேன்.

போன பிப்ரவரி மாசம் தங்கச்சி திடீர்னு சொன்னா, வேண்டுதல முடிக்கணும்ணே, வேளாங்கண்ணி போகணும்னு. எனக்கு முதல்ல புரியல, என்ன வேண்டுதல், கேட்டது கிடைக்கலையே. அவ பதில் சொல்லல. கார்ல போனோம், நாகப்பட்டினத்துல இருந்து தெக்க ஒரு 12 கிலோமீட்டர். காலைல பூசை பாத்தோம், அப்புறம் காணிக்கைப் பொருள்லாம் வச்சிருக்கிற மியூசியத்துக்குப் போனோம். போகாம இருந்திருக்கலாம். தங்கத் தொட்டில், வெள்ளி வீடு, வெள்ளிக் கை கால், ஸ்டெதஸ்கோப், தாலி, கூடவே நன்றிக் கடிதம், கண்ணாடிப் பொட்டிக்குள்ள வரிசையா. ஒவ்வொண்ணும் உண்மைதான், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு குடும்பம் அழுது சிரிச்சிருக்கும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா தங்கச்சி ஒரு வெள்ளித் தொட்டில் முன்னாடி நின்னுட்டா, நகரல. நான் கைய புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன்.

2000 வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல சிசரோ ஒரு கதை எழுதி வச்சிருக்கார். டயகோரஸ்னு கடவுள நம்பாத ஒருத்தர்கிட்ட நண்பர் ஒருத்தர் கோயில்ல இருக்கிற படங்களைக் காட்டுறார், பாரு, கடல்ல புயல்ல மாட்டி வேண்டிக்கிட்டு பொழச்சவங்க எத்தன பேர் காணிக்கை வச்சிருக்காங்கன்னு. அதுக்கு அவர், ஆமா, மூழ்கிப் போனவங்க படம் எங்க இருக்குன்னு கேட்டாராம். அத படிச்சப்போ புத்திசாலித்தனமான கேள்வின்னு நினைச்சேன். அந்த மியூசியம் வாசல்ல தங்கச்சியோட கைய புடிச்சுக்கிட்டு நின்னப்போ அது புத்திசாலித்தனமா தெரியல, வயிறு எரியுற கேள்வியா இருந்துச்சு.

வேளாங்கண்ணில இந்தக் கேள்விய கேக்காம இருக்கவே முடியாதுங்க. அந்தக் கோயிலே கடல்ல பொழச்சவங்க கட்டுனதுன்னுதான் வரலாறு சொல்லுவாங்க, போர்ச்சுக்கீசியக் கப்பல் புயல்ல மாட்டுச்சு, மாலுமிங்க மாதாவ வேண்டுனாங்க, செப்டம்பர் 8 அன்னிக்கு கரை சேந்தாங்க, நன்றிக்கு கோயில் கட்டுனாங்க. அடுத்த தடவை வந்தப்போ அவங்க கொண்டாந்த பீங்கான் தட்டுங்கதான் பீடத்துல பதிச்சிருக்குன்னு சொல்லுவாங்க. இன்னிக்கும் செப்டம்பர் 8தான் திருவிழா முடியுற நாள். அதே கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்னிக்கு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, கோயிலுக்கு வந்துட்டு கரைல கால நனைச்சுக்கிட்டு நின்ன யாத்ரீகர்கள நூத்துக்கணக்குல எடுத்துட்டுப் போச்சு. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல. பேராலயத்துக்குள்ள தண்ணி வரல, பூசைல இருந்தவங்க பொழச்சாங்க, அதனால மாதா காப்பாத்துனாங்கன்னு இன்னிக்கும் சொல்றாங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு, அதுவும் அதே போர்ச்சுக்கல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், லிஸ்பன் நகரத்துல ஜனங்க பூசைக்காக கோயில்கள்ல நெறஞ்சிருந்த காலை நேரம், பூகம்பம். கோயில் கூரை விழுந்தது அவங்க மேலதான். ஏத்தி வச்சிருந்த மெழுகுவர்த்தி கவுந்து தீப்புடிச்சுது, தப்பிச்சு ஆத்தங்கரைக்கு ஓடுனவங்க மேல சுனாமி வந்துச்சு. இருக்கக்கூடிய உலகங்கள்லயே நல்ல உலகம் இதுதான்னு ஜெர்மனில லைப்னிட்ஸ்ங்கிற தத்துவஞானி புத்தகம் எழுதினது 1710ல, 45 வருஷத்துல இப்படி ஆச்சு, ஐரோப்பா முழுக்க அந்த வாதம் ஆட்டம் கண்டுச்சு. அங்க கோயிலுக்குள்ள இருந்தவன் செத்தான், இங்க கோயிலுக்குள்ள இருந்தவன் பொழச்சான். எங்க நின்னோம்ங்கிறத வச்சு யாரு நல்லவன்னு முடிவு பண்ணவே முடியாது. இயேசுவே அதத்தான் சொல்லியிருக்கார், லூக்கா 13ல, சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நினைக்கிறீங்களா, இல்லன்னு. சீடருங்க பிறவிக் குருடன காட்டி இவன் செஞ்ச பாவமா இவன் பெத்தவங்க செஞ்ச பாவமான்னு கேட்டப்பவும் ரெண்டும் இல்லன்னுதான் சொன்னார். கோயில்ல இத வாசிக்கக் கேட்டுட்டு வெளிய வந்து என் தங்கச்சிகிட்ட உன் விசுவாசத்துல கொறைன்னு எப்படி சொல்ல வருது?

இன்னொண்ணும் சொல்லிடணும். 2004 சுனாமி அன்னிக்கு சுமத்ரா பக்கத்துல நிலம் அதிர்ந்தது நம்ம நேரத்துக்கு காலைல 6:28. அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல கரைல நின்ன ஒருத்தருக்கும் யாரும் சொல்லல, சொல்றதுக்கு ஏற்பாடே இல்ல, ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007ல. நிலத்தட்டு நகர்றத கடவுள் கணக்குல எழுதுங்க, அந்த ரெண்டு மணி நேரத்த நம்ம கணக்குலதான் எழுதணும். இத நான் கடவுளுக்கு வக்காலத்தா சொல்லல, கேள்விய சரியான ஆள்கிட்ட கேக்கணும்னு சொல்றேன்.

மியூசியத்துல இருந்து வெளிய வந்து வெயில்ல நடந்தோம். ரெண்டு மூணு கடைக்காரங்க குழந்தையா வீடான்னு கூப்பிட்டாங்க, தங்கச்சி திரும்பல. இந்த அக்கா கூப்பிடல, அரத்த வச்சு எதையோ தேச்சுக்கிட்டு இருந்தாங்க, தங்கச்சிதான் போய் நின்னா. குழந்தை உருவம் வெள்ளில இருக்கான்னு கேட்டா. அக்கா பெட்டிக்கு அடில இருந்து ஒரு தகர டப்பா எடுத்து தொறந்து, பழைய துணில சுத்தி வச்சிருந்தத பிரிச்சு காட்டுனாங்க. கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு நிக்கிற குழந்தை, உள்ளங்கை அகலம். எத்தன வயசு புள்ளைக்குன்னு கேட்டாங்க, வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் போல. தங்கச்சி 6ன்னு சொன்னா, சொல்லிட்டு நின்னுட்டு, அக்கா, இது குணமான புள்ளைங்களுக்கு வைக்கிறதுதானே, எம் புள்ள இல்லக்கா, இத நான் வாங்கலாமான்னு கேட்டா.

அந்த அக்கா ஒடனே எதுவும் சொல்லல. அரத்த கீழ வச்சாங்க. ஸ்டூல தள்ளி உக்காரும்மான்னாங்க. அப்புறம் அந்தத் தகட்ட தங்கச்சி கையில குடுத்துட்டு சொன்னாங்க, குணமான புள்ளைக்கு ஒரு அச்சு, குணமாகாத புள்ளைக்கு ஒரு அச்சுன்னு ரெண்டா வச்சிருக்கோம்? ஒரே அச்சுதாம்மா.

தங்கச்சி அன்னிக்குத்தான் அழுதா, எட்டு மாசம் கழிச்சு, ரோட்டுல, சத்தம் போட்டு. அக்கா சமாதானப்படுத்தல, அழாதன்னு சொல்லல, தண்ணி பாட்டில மட்டும் மூடியத் தொறந்து பக்கத்துல வச்சாங்க. நடுவுல யாரோ மெழுகுவர்த்தி கேட்டு வந்தாங்க, கையக் காட்டி அந்தப் பக்கம் கடைக்கு அனுப்பி வச்சுட்டாங்க, ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஒரு மணி நேரத்துக்கு மேல வியாபாரம் இல்ல அந்தக் கடைல.

அப்புறமாதான் அவங்க கதை வந்துச்சு, அதுவும் நான் கேட்டதால. 2004ல அவங்க கடை இன்னும் கீழ, மணல்கிட்டயே இருந்துச்சாம். அன்னிக்கு காலைல கூட்டம், சில்லறை தீந்துபோச்சு, மேல இருந்த கடைல மாத்திட்டு வரலாம்னு இவங்க ஏறி வந்திருக்காங்க. சின்னப் பையன், 8 வயசு, அவங்க வீட்டுக்காரர் கூட கடைல. 500 ரூபாய்க்கு பத்து ரூபாய் நோட்டா வாங்கி எண்ணிக்கிட்டு இருக்கும்போது ஜனங்க ஓடி வர்ற சத்தம். வீட்டுக்காரர் கிடைச்சார், உசுரோட, இடுப்புல அடியோட. பையன் கிடைச்சது ரெண்டு நாள் கழிச்சு. அந்த நோட்டுங்கள ரொம்ப நாள் செலவு பண்ணாம வச்சிருந்தாங்களாம். அத சொல்லும்போது குரல் மாறவே இல்ல, கை மட்டும் அரத்த எடுத்து வச்சு எடுத்து வச்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் கேட்டேன், இருபது வருஷமா என் மனசுல இருந்த கேள்வி மாதிரி வந்துடுச்சு, அக்கா, கோயிலுக்குள்ள தண்ணி வரல, மாதா காப்பாத்துனாங்கன்னு சொல்றாங்களே, அதக் கேக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்னு. சொல்லட்டும் தம்பி, உள்ள இருந்தவங்க பொழச்சாங்கல்ல, அவங்க சொல்லத்தான் செய்வாங்க, வெளிய நின்ன எம் புள்ளையும் அவ புள்ளதான், அத யாரும் சொல்றதில்ல, நான் தெனம் காலைல கடைய தொறக்குறதுக்கு முன்னாடி போய் அவகிட்டயே கேக்குறேன். என்ன கேப்பீங்கன்னேன். ஏன்னுதான். பதில் வந்துச்சாக்கான்னு தங்கச்சி கேட்டா. வரலம்மா. வரலன்னு கேக்காம இருக்க முடியுமா, வேற யார்கிட்ட போய் கேக்குறது.

இதத்தான் நான் மூணு மாசம் தேடுனேன்னு இப்ப தோணுது. பதில் சொன்ன எல்லாரும் எங்கள ஏதோ ஒரு விதத்துல குத்தவாளியா ஆக்குனாங்க, இல்ல கடவுள சின்னதா ஆக்குனாங்க, இல்ல என் மருமகனோட சாவ சின்னதா ஆக்குனாங்க. இந்த அக்கா மூணுல எதையும் செய்யல. கடவுள விடல, புள்ளையவும் விடல, ரெண்டையும் ஒரே கையில புடிச்சுக்கிட்டு இருபது வருஷமா தெனம் காலைல போய் நிக்கிறாங்க. சிலுவைல தொங்கும்போது இயேசு கேட்டதும் இதானே, என் இறைவா என் இறைவா ஏன் என்னைக் கைவிட்டீர், அதுக்கும் வானத்துல இருந்து பதில் வந்ததா எழுதல. எங்க ஆபீஸ்ல ஒரு பாய் இருக்கார், மருமகன் போனப்போ வந்து நாம எல்லாம் அவனுக்குரியவங்க, அவன்கிட்டயே திரும்பிப் போறோம்னு அரபில சொல்லிட்டு, வேற ஒண்ணும் பேசாம சாயங்காலம் வரைக்கும் எங்க வாசல்ல சேர்ல உக்காந்திருந்தார். அவரையும் இந்த அக்காவையும் ஒண்ணா வச்சு நினைச்சுக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை திரும்ப வந்துடுச்சான்னு கேட்டீங்கன்னா, கோயிலுக்குப் போறேன், ஆனா வேற மாதிரி போறேன். முன்னாடி கேட்டு வாங்கப் போவேன். இப்போ கேக்க மட்டும் போறேன். சில நாள் வாய் வரைக்கும் கெட்ட வார்த்தை வருது, அதயும் அங்கயே சொல்லிடுறேன். கடவுள் இல்லன்னு முடிவு பண்ணவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவங்க கேக்குற கேள்வி நியாயமான கேள்வி, அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அவங்க அந்தக் கதவ மூடிட்டு வந்துட்டாங்க, என்னால மூட முடியல, ஏன்னா மூடிட்டா இந்தக் கோவத்த எங்க கொண்டு போறதுன்னு எனக்குத் தெரியல.

தங்கச்சி அந்த உருவத்த உண்டியல்ல போட்டா. மியூசியத்துக்குப் போகுமா உருக்கிடுவாங்களான்னு தெரியாது, அவ அதப் பத்தி கவலைப்படல. போடுறதுக்கு முன்னாடி அந்த ஓரத்த கட்டை விரலால ஒரு தடவ தடவிப் பாத்தா, அக்கா பாத்த மாதிரியே.

கொறைன்னு சொல்லணும்னா சிலது இருக்கு, மறைக்கல. ஜிபே ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, ஆனா அந்த இடத்துல சிக்னல் சரியா இல்ல, கையில பணம் கொண்டு போங்க, சில்லறையாவே கொண்டு போங்க. வெள்ளை மெட்டல் தகடு கடல் காத்துக்கு சீக்கிரம் கறுத்துடும், வீட்டுல வைக்கணும்னா வெள்ளிதான் வாங்கணும், இத அக்காவே சொல்லிடுவாங்க. வெள்ளி எப்பவும் இருக்காது, ஒண்ணு ரெண்டுதான் வச்சிருப்பாங்க. ஆள் உயர மெழுகுவர்த்தி வேணும்னா பக்கத்துக் கடைதான். வெயில் நேரத்துல தார்ப்பாய்க்கு அடில சூடு தாங்காது. பேரம் பேசலாம், கொறைச்சுக் குடுப்பாங்க, ஆனா தயவு செஞ்சு பேசாதீங்க.

காலைல ஆறு மணிக்கு மேல தொறக்குறாங்க, ராத்திரி ஒம்பது வரைக்கும் இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் போனீங்கன்னா கூட்டத்துல கடையக் கண்டுபுடிக்கவே முடியாது, காவி கட்டிக்கிட்டு நடந்து வர்றவங்களே லட்சக்கணக்குல இருப்பாங்க, அதனால அந்த பதினோரு நாள தவிர்த்துட்டு மத்த நாள்ல போங்க. டிசம்பர் 26 அன்னிக்கு மட்டும் கடை கிடையாது. அன்னிக்கு அக்காவ பாக்கணும்னா சுனாமி நினைவு ஸ்தூபிகிட்ட இருப்பாங்க.